பழைய லிதியம் ஸெல்களைக் கொண்டு சாளைக்கு மின்சாரச் சேமிப்புப் பாட்டரி அமைத்தல்

கொங்கு நாட்டுக் குடியானவர்களில் அநேகர் ஊர்நடுவே நெருங்கி வாழாமல், தத்தம் தோட்டங்களிலேயே சாளை அமைத்துக் குடியிருப்பவர்கள். 1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கிய பிறகு, கவலை இறைத்து வந்த கிணறுகளில் படிப்படியாக மோட்டார் பம்புகள் அமைந்தன; சாளைகளிலும் விளக்கு எரிந்தது. எனினும் தோட்டத்துச் சாளைக்கு வரும் மின்கம்பி நெடுந்தூரம் கடந்து வருவது. ஆடிக்காற்றில் ஒரு தென்னை மட்டை விழுந்தாலும், டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போனாலும், அன்றிரவு அங்கே இருள்தான். 2008 முதல் சில ஆண்டுகள், விசேஷமாக 2012-ல், தமிழ்நாடெங்கும் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நேர்ந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வீடுதோறும் இன்வெர்ட்டரும் ஈயப் பாட்டரியும் புகுந்தது பெரும்பாலும் அக்காலத்திலேதான்.

இப்பொழுது ஈயப் பாட்டரியின் இடத்தை லிதியம் பாட்டரி பிடித்து வருகிறது. அதனோடு வேறொரு வழக்கமும் பரவுகிறது. கழித்துப்போட்ட மடிக்கணினி, மின்சார ஸ்கூட்டர், சூரிய ஒளித் தெருவிளக்கு ஆகியவற்றிலுள்ள பாட்டரிகளைப் பழைய சாமான் கடைகளில் எடைபோட்டு வாங்கி, உள்ளிருக்கும் ஸெல்களைப் பிரித்து, வீட்டுக்கு வேண்டிய பாட்டரியாகத் தாமே கட்டிக்கொள்வதே அது. தொழிற்கல்வி கற்ற இளைஞர் உள்ள குடும்பங்களில் இதில் ஆசை மிகுதி. ஆசையில் தவறில்லை. ஆனால் சரியாகக் கட்டினால் பல ஆண்டுகள் விளக்கெரிக்கும் இதே பொருள், தவறாகக் கட்டினால் கூரையை எரித்துவிடும். எது சரி, எது தவறு என்பது இங்கே விவரிக்கப்படுகிறது.

விதையும் ஸெல்லும்

விதை வாங்கும் குடியானவர் அதன் முளைப்புத் திறனை எவ்வாறு அறிகிறார்? மூட்டையிலிருந்து நூறு விதைகளை எடுத்து, ஈரத்துணியில் முடிந்துவைத்து, எத்தனை முளைத்தன என்று எண்ணுகிறார். தொண்ணூறு முளைத்தால் மூட்டை முழுவதும் நல்லது என்று கொள்கிறார். முளைக்காத பத்து விதைகளால் வரும் நஷ்டம் பத்து விதைகளின் நஷ்டமே. அவை பக்கத்து விதையைக் கெடுப்பதில்லை.

லிதியம் ஸெல்லுக்கு இம்முறை உதவாது. கெட்ட ஸெல் தன்னோடு இணைந்த நல்ல ஸெல்களின் சக்தியைத் தன்னுள் இழுத்துச் சூடேறும். குறிப்பிட்ட சூட்டைக் கடந்தால், உள்ளேயுள்ள பொருள்கள் தாமே ஒன்றோடொன்று வினைபுரிந்து மேன்மேலும் சூட்டை உண்டாக்கும். பிறகு வெளியிலிருந்து மின்சாரத்தை நிறுத்தினாலும் அது நிற்காது. எரியும் ஸெல் அடுத்ததைப் பற்றவைக்கும். ஆகையால் நூற்றில் பத்தைச் சோதிப்பது போதாது. நூறு ஸெல் வாங்கினால் நூறையும் சோதித்தாக வேண்டும். இவ்வேலையின் பெரும்பகுதி கட்டுவதில் இல்லை, கழிப்பதில்தான் இருக்கிறது.

பழைய ஸெல்களில் பயன் எஞ்சியிருப்பது உண்மைதான். 2014-ல் ஐ.பி.எம். கம்பெனியின் இந்திய ஆராய்ச்சிப் பிரிவினர், கழிக்கப்பட்ட மடிக்கணினிப் பாட்டரிகளின் ஸெல்களைக் கொண்டு 'உர்ஜார்' என்னும் சிறு விளக்குப்பெட்டி ஒன்றைச் செய்து, பெங்களூரில் தெருவோர வியாபாரிகள் முதலிய சிலரிடம் கொடுத்துப் பார்த்தனர். குப்பைக்குப் போகும் அத்தகைய பாட்டரிகளில் குறைந்தது பாதியேனும், ஓர் எல்.இ.டி. விளக்கை நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேலாக ஓராண்டு எரிக்கும் சக்தியுடையவை என்று கண்டனர். பாதி நல்லவை என்றால் மீதி அவ்வளவுக்கு உதவாதவை என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்ளவேண்டும். அவர்கள் எரித்ததும் விளக்கையே; மோட்டாரை அன்று.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

குடியானவர் முதலில் கேட்கும் கேள்வி, இதைக்கொண்டு கிணற்று மோட்டாரை ஓட்டலாமா என்பதே. கணக்கே இதற்கு விடை சொல்லும். 5 குதிரைச் சக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓட ஏறக்குறைய நாலரை யூனிட், அதாவது 4,500 வாட்-மணி மின்சாரம் வேண்டும். மடிக்கணினியில் உள்ள உருளை ஸெல் 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது; இதனால் அதை 18650 என்று வழங்குவர். பழைய ஸெல் ஒன்றில் 2,000 மில்லி-ஆம்பியர்-மணி கொள்ளளவு எஞ்சியிருப்பதாகக் கொண்டால், அதன் சராசரி அழுத்தமாகிய 3.6 வோல்ட்டால் பெருக்க 7.2 வாட்-மணி வரும். முழுவதையும் உறிஞ்சாமல் ஐந்தில் நான்கு பங்கு மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 5.8 வாட்-மணி. அப்படியானால் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடவே ஏறக்குறைய 800 ஸெல்கள் வேண்டும். அன்றியும், மோட்டார் புறப்படும்போது ஓடும் மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். பழைய ஸெல்களுக்கு அந்த இழுப்பு ஆகாது. ஆகையால் கிணற்று மோட்டாரை மறந்துவிடவேண்டும்.

சாளைக்கு வேண்டிய இரவு நேர மின்சாரமோ மிகச் சொற்பம். 9 வாட் விளக்கு நான்கு, 4 மணி நேரம் எரிந்தால் 144 வாட்-மணி. மின்சாரம் குறைவாக எடுக்கும் புதுவகை விசிறி ஒன்று 30 வாட் வீதம் 8 மணி நேரம் சுற்றினால் 240. கைப்பேசி இரண்டுக்கு 30. ஆக மொத்தம் 414 வாட்-மணி. கம்பியிலும் கருவிகளிலும் போகும் சேதாரத்தைச் சேர்த்து 460 என்று கொள்ளலாம். இதனை 5.8-ஆல் வகுத்தால் 80 ஸெல்களுக்குச் சற்றுக் குறைய வரும். 12 ஸெல்களைப் பக்கம் பக்கமாக இணைத்து ஒரு வரிசையாக்கி, அவ்வாறு 7 வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 84 ஸெல்களில் 24 வோல்ட் வகைப் பாட்டரி அமையும். இவ்வளவு சாமான்களும் ஒரு விளக்கெண்ணெய்த் தகரத்துக்குள் அடங்கிவிடும் அளவே.

விளக்கையும் விசிறியையும் 24 வோல்ட்டிலேயே நேராக வேலை செய்யும் வகையாக வாங்கிக்கொள்வது நலம். இன்வெர்ட்டர் வைத்தால், ஒரு விளக்கும் எரியாதபோதுகூட அதன் சொந்தச் செலவுக்கு 15 வாட் வரையில் எடுக்கும். இரவு 10 மணி நேரத்தில் அது 150 வாட்-மணி. சாளையின் தேவையில் மூன்றில் ஒரு பங்கை இன்வெர்ட்டரே தின்றுவிடும். ஈயப் பாட்டரிக்கென்று செய்த பழைய இன்வெர்ட்டரில் லிதியம் பாட்டரியை மாட்டுவது எவ்விதத்திலும் கூடாது. அது ஏற்றும் முறை வேறு. லிதியத்துக்குரிய வரம்பை அது அறியாது.

ஸெல்களைப் பிரித்தலும் கழித்தலும்

மடிக்கணினிப் பாட்டரியின் பிளாஸ்டிக் உறையைத் திறக்கும்போது கூரான திருப்புளியை உள்ளே குத்தக்கூடாது; ஓரத்தில் நெம்பித்தான் திறக்கவேண்டும். மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி முதலியவற்றைக் கழற்றி வைத்துவிடவேண்டும். ஸெல்லின் இரு முனைகளையும் ஓர் உலோகம் தொட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்து தசையைச் சுடும். வெட்டவெளியில், மரப்பலகையின்மீது, கண்ணாடி அணிந்து இவ்வேலையைச் செய்யவேண்டும். அருகில் வாளி நிறையத் தண்ணீர் இருக்கட்டும். மின்சாரக் காரின் பெரிய பாட்டரியை எவரும் தொடவே கூடாது. அதில் முந்நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் இருக்கும். அதைத் தொட்டவர் பிழைப்பதரிது.

வெளிவந்த ஸெல்களில் நசுங்கியது, உப்பியது, துருவேறியது, நீர் கசிந்தது, இனிப்பான மணம் வீசுவது ஆகியவற்றை அப்பொழுதே கழித்துவிடலாம். எஞ்சியவற்றை மீட்டரால் அளக்கவேண்டும். 2.5 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கியவற்றையும் கழிக்கவேண்டும். இவ்விடத்தில்தான் பலர் இரக்கப்பட்டு ஏமாறுகிறார்கள்; மெதுவாக ஏற்றினால் அவையும் உயிர் பெறுவதாகத் தோன்றும். நெடுநாள் வெறுமையாகக் கிடந்த ஸெல்லில், உட்புறச் செப்புத் தகடு கரைந்து, மறுபடி ஏற்றும்போது வேண்டாத இடங்களில் படிகிறது. அப்படிவே பின்னொருநாள் உள்ளுக்குள்ளேயே இரு பக்கங்களையும் தொடுத்துவிடக்கூடும். உயிர் பெற்றதாகத் தோன்றும் அந்த ஸெல், வைக்கோற்போரில் மறைந்த தணலைப் போன்றது.

பிறகு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் எழுதி ஒட்டி, நோட்டுப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி ஒதுக்கவேண்டும். ஸெல் சோதிக்கும் கருவியில் 4.2 வோல்ட் வரையில் ஏற்றுகையில், கையால் தொட்டால் சூடு தெரியும் ஸெல்லைக் கழிக்கவேண்டும். ஏற்றி முடித்த மறுநாள் அளந்து எழுதிக்கொண்டு, எதிலும் இணைக்காமல் பதினைந்து நாள் வைத்து மறுபடி அளக்கவேண்டும். 0.05 வோல்ட்டுக்கு மேல் தானாகவே இறங்கியிருந்தால் அது ஓட்டைக் குடம். இந்தப் பதினைந்து நாட் பரீட்சையை அவசரக்காரர் விட்டுவிடுகிறார்கள். மற்றெல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்ட கெட்ட ஸெல்லைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இது ஒன்றே.

இதிலும் தேறியவற்றை அரை ஆம்பியர் வீதம் 3 வோல்ட் வரையில் இறக்கிக் கொள்ளளவைக் குறிக்கவேண்டும். புதிதாக இருந்தபோது உள்ள அளவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறைந்தால் கழித்தல் நலம். உட்தடையையும் சில கருவிகள் காட்டும். 100 மில்லி-ஓமுக்கு மேற்பட்டவை கிழடு தட்டியவை என்று கொள்ளலாம்.

நான்கு ஸெல் வைக்கும் கருவியில் ஒரு தடவை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றப் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. பார்வையிலும் மீட்டரிலும் தேறிய 120 ஸெல்களை நாளுக்கு நான்காகச் சோதித்தால் 30 நாட்கள் ஆகும். கடைசியில் வைத்தவற்றுக்குரிய பதினைந்து நாட் காத்திருப்பும் சேர்ந்தால் ஒன்றரை மாதம். கொத்தமல்லித் தழை விதைத்துப் பறிக்கும் காலம் இது. இவ்வளவு பொறுமை இல்லாதவர், கம்பெனியார் புதிதாகக் கட்டி உத்தரவாதத்துடன் விற்கும் இரும்பு-பாஸ்பேட் லிதியம் பாட்டரியை வாங்கிக்கொள்வதே மேல். சோதனைக் கருவி, காப்புப் பலகை, பெட்டி, கம்பி ஆகியவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்தால், மிச்சமாகும் பணம் பலர் நினைக்கும் அளவு பெரிதன்று.

இணை சேர்த்தல்

காங்கேயம் சந்தையில் எருது வாங்குவோர் ஒற்றை எருதின் அழகை மட்டும் பார்ப்பதில்லை. உயரமும் நடையும் ஒத்த இணை கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். ஒன்று வலியதும் ஒன்று மெலிந்ததுமாக நுகத்தில் பூட்டினால், மெலிந்தது முதலில் களைத்து விழும். வண்டியும் அங்கேயே நின்றுவிடும். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ஏழு வரிசைகளும் அத்தகையவை. ஏழிலும் ஒரே மின்னோட்டம் ஓடுவதால், கொள்ளளவு குறைந்த வரிசை மற்றவற்றுக்கு முன்னே வறண்டுவிடும். ஏற்றும்போதும் அதுவே முதலில் நிரம்பி வழியும். ஆகையால் ஏழு வரிசைகளின் மொத்தக் கொள்ளளவும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கவேண்டும்.

அதற்கு ஓர் எளிய முறை உண்டு. ஸெல்களைக் கொள்ளளவின்படி பெரியது முதல் சிறியது வரை அடுக்கி, முதல் ஏழையும் ஒன்றாம் வரிசை தொடங்கி ஏழாம் வரிசை முடியப் பங்கிட்டு, அடுத்த ஏழை ஏழாம் வரிசையிலிருந்து திரும்பி ஒன்றாம் வரிசைக்கு வரும்படி வைக்கவேண்டும். ஏர் ஓட்டுகையில் கடைசியில் திரும்பி வருவதுபோல இப்படியே பன்னிரண்டு நடை வைத்தால், வரிசைகளின் கூட்டுத்தொகை தானே ஏறக்குறைய ஒத்துவரும். வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்டால் இரண்டோர் ஸெல்களை இடம் மாற்றிச் சரிசெய்யலாம்.

ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக இணையும் ஸெல்களின் நிலை வேறு. அவை அடியில் மடை திறந்த தொட்டிகளைப் போன்றவை. நீர்மட்டம் ஒத்திருந்தால் மடையைத் திறந்தாலும் சலனமில்லை. ஒன்று நிறைந்தும் ஒன்று வறண்டும் இருந்தால் நீர் பாய்ந்து ஓடும். அதுபோல இணைக்கும் முன் ஸெல்கள் யாவும் ஒரே அழுத்தத்தில், 0.05 வோல்ட் வித்தியாசத்துக்குள், இருக்கவேண்டும். பன்னிரண்டில் ஒன்று உள்ளே பழுதானால் மற்றப் பதினொன்றும் அதற்குள் பாயும். இதைத் தடுக்க ஒவ்வொரு ஸெல்லுக்கும் தனித்தனியே மெல்லிய பியூஸ் கம்பி வைத்து இணைப்பது அவசியம். மேலே கணக்கிட்ட விளக்கும் விசிறியும் கைப்பேசியும் ஒரே சமயத்தில் வேலை செய்தாலும், ஒரு ஸெல்லின் பங்கு ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பாகத்துக்கும் குறைவே. ஆகவே 2 அல்லது 3 ஆம்பியரில் அறுந்துவிடும் பியூஸ் கம்பி போதும். இது வேலையை இரட்டிப்பாக்கும் என்று சிலர் சலித்துக்கொள்வர். அவ்வாறு சலிப்பவர் இவ்வேலையில் இறங்காதிருப்பதே நன்று.

ஸெல்லின் முனையில் ஈயப்பற்று வைத்துச் சூடுகாட்டக்கூடாது. உள்ளேயுள்ள மெல்லிய தடுப்புத் தாள் அச்சூட்டால் கெடும். நிக்கல் பட்டியை ஸ்பாட் வெல்டிங் செய்வதே முறை. கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் மின்சார ஸ்கூட்டர் பாட்டரி பழுதுபார்க்கும் கடைகளில் இந்த வசதி கிடைக்கக்கூடும்.

பி.எம்.எஸ். என்று கடைக்காரர் வழங்கும் காப்புப் பலகை, வரிசை ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் தனித்தனியே கவனித்து, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும். ஏழு வரிசைக்குரியதையே வாங்கவேண்டும். அதை நம்பி மட்டும் இருந்துவிடாமல், ஏற்றும் கருவியையே 28.7 வோல்ட்டில் நிற்கும்படி அமைத்தல் நலம். வரிசைக்கு 4.1 வோல்ட், முழு நிறைவாகிய 4.2-க்குச் சற்றுக் கீழே. இறக்கம் 22.4 வோல்ட்டோடு நிற்கட்டும். ஸெல்லை விளிம்புவரை நிரப்பி வெயிலிலும் வெக்கையிலும் வைத்தால் அதன் ஆயுள் விரைவில் தேயும்; சற்றுக் குறைத்து நிரப்பினால் ஆண்டுகள் கூடும். பாட்டரியிலிருந்து வெளியேறும் முதற் கம்பியில், நேர் மின்னோட்டத்துக்குரிய 15 ஆம்பியர் பியூஸ் ஒன்றும் இருக்கவேண்டும்.

இதுகாறும் சொன்னவை மடிக்கணினி வகை ஸெல்லுக்குரியவை. தெருவிளக்குகளிலும் சில ஸ்கூட்டர்களிலும் இருப்பது இரும்பு-பாஸ்பேட் வகை. அதன் சராசரி அழுத்தம் 3.2 வோல்ட், நிறைவு 3.65 வோல்ட். எட்டு வரிசை கோத்தால் 24 வோல்ட் வகையாகும். எளிதில் தீப்பற்றாத குணமும் நீண்ட ஆயுளும் உடையதாகையால், கிடைத்தால் இதையே தேர்ந்துகொள்ளவேண்டும். ஆனால் இரு வகைகளையும் ஒரே பாட்டரியில் கலக்கக்கூடாது. ஒன்றின் காப்புப் பலகை மற்றதற்கு உதவாது. இரும்பு-பாஸ்பேட் ஸெல்லை 4.2 வோல்ட் வரை ஏற்றினால் கெட்டுவிடும்.

வெயிலிலிருந்து ஏற்றுதல்

75 வாட் சூரியப் பலகை இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, லிதியத்துக்கென்று அமைக்கத்தக்க கட்டுப்பாட்டுக் கருவியின் வழியே ஏற்றலாம். நல்ல வெயில் நாளில் 600 வாட்-மணி வரையில் கிடைக்கும்; தேவை 460. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இது வெகுவாகக் குறையும். அந்நாட்களில் விசிறிக்கும் தேவை குறைவே. இப்பாட்டரிக்கு 5 ஆம்பியர் வீதம் ஏற்றுவது மிதமானது. அதற்கு மேற்படாதபடி கருவியை அமைத்துக்கொள்ளலாம்.

விவசாயத்துக்கென்று கொடுக்கப்பட்ட இலவச மின் இணைப்பிலிருந்து வீட்டுப் பாட்டரியை ஏற்றலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது. ஒரு காரியத்துக்கு அனுமதித்த மின்சாரத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் அடங்கும். கட்டணம் விதிக்கப்படுவதோடு இணைப்புக்கும் தொல்லை வரும். 60 ரூபாய் மின்சாரத்துக்காகக் கிணற்று இணைப்பைப் பணயம் வைப்பது புத்தியன்று.

வைக்கும் இடம்

பாட்டரியை எங்கே வைப்பது என்பது சாளைவாசிகளுக்கு உயிரோடு சேர்ந்த விஷயம். ஓலைக்கூரையின் கீழும், சோளத்தட்டுப் போரின் அருகிலும், கொப்பரைக் களத்திலும், தேங்காய்மட்டை, நார், பஞ்சு அடைத்த அறையிலும், கோழிப்பண்ணைக் கொட்டகையிலும் வைக்கவே கூடாது. படுக்கையறையிலும் மாடிப்படியின் அடியிலும் வாசற்கதவின் அருகிலும் கூடாது. தீ நேர்ந்தால் வீட்டாருக்கு வழி வேண்டும். வீட்டின் வடபுறச் சுவரில், வெளிப்பக்கமாக, செங்கல்லால் மாடம் கட்டி, கடப்பைக்கல் மேடையின்மீது இரும்புப் பெட்டியில் வைப்பது உத்தமம். சித்திரையில் கரூர், ஈரோடு பக்கங்களில் தகரக் கூரையின் அடியில் இருக்கும் வெக்கை ஸெல்லுக்கு ஒவ்வாது. 45 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் ஏற்றுவது தகாது. பெட்டிக்குக் காற்றோட்டத் துளைகள் வேண்டும். ஆனால் துளைகளுக்குக் கம்பிவலை அடித்தாகவேண்டும். எலி கம்பியைக் கடித்து உரித்துவிடும் என்பதைத் தோட்டத்தில் வாழ்பவர்க்குச் சொல்லவேண்டியதில்லை.

முதன்முறை ஏற்றுவது பகலில், வெளியில், ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான். பிறகு மாதம் ஒருமுறை வரிசைகள் ஏழையும் மீட்டரால் அளந்து நோட்டில் எழுதவேண்டும். ஒரு வரிசை மட்டும் மாதந்தோறும் பின்தங்கி வந்தால், காப்புப் பலகை சமன்செய்யும் என்று சும்மா இருக்காமல், பாட்டரியை நிறுத்தி அந்த வரிசையைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

தீப்பற்றினால் வெளிவரும் புகை நச்சுப்புகை. அதை முகர்ந்துகொண்டு அணைக்க முயலாமல், முதலில் எல்லோரையும் வெளியேற்றி 101-க்குச் சொல்லவேண்டும். வீட்டு மின்சாரத்தை நிறுத்தியபின், தூரத்திலிருந்து தண்ணீரை ஏராளமாகக் கொட்டிக் குளிரச் செய்வதே வழி. மணல் மூடுமேயன்றிக் குளிர்விக்காது. அணைந்துவிட்டதாகத் தோன்றும் ஸெல் சில மணி நேரம் கழித்தும் மறுபடி பற்றக்கூடும். ஆகையால் அதை வெட்டவெளியில் தனியே வைத்து, மறுநாள் வரை காவல் இருக்கவேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை

வீட்டு மின்சாரத்தோடு பாட்டரியையும் இன்வெர்ட்டரையும் இணைக்கும் இடங்களில் ஓர் அபாயம் உண்டு. மின்வெட்டின்போது பாட்டரியின் மின்சாரம் பின்னோக்கிக் கம்பத்துக்கு ஏறினால், கம்பி செத்துவிட்டது என்று நம்பி மேலே ஏறிய லைன்மேனைக் கொன்றுவிடும். இரண்டும் ஒருகாலும் ஒன்றாகச் சேராதபடி மாற்று ஸ்விட்ச் உள்ளதா, உரிமம் பெற்ற வயர்மேன் அமைத்ததுதானா என்று கேட்டறிவது நலம். மேலே சொன்னவாறு 24 வோல்ட்டில் தனியே ஓடும் அமைப்பில் இந்த அபாயம் இல்லை. அதனாலும் அதுவே சிறந்தது.

பஞ்சாயத்துச் சூரியத் தெருவிளக்குகளில் பழுதான பாட்டரிகளைக் கழற்றும்போது, அவை எண்ணிக்கையில்லாமல் பழைய இரும்புக்கடைக்குப் போய்ச்சேர விடக்கூடாது. எத்தனை கழற்றினோம், யாரிடம் ஒப்படைத்தோம் என்ற பதிவேடு இருக்கவேண்டும். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான மத்திய அரசின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்துவோர் பழைய பாட்டரிகளை மற்றக் குப்பையோடு சேர்க்காமல், சேகரிப்போரிடமோ சீர்செய்வோரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைக்கவேண்டும். பழைய பாட்டரிகளைச் சீர்செய்து விற்பதைத் தொழிலாக நடத்துவோர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும்.

சோதனையில் கழித்த ஸெல்களுக்கும் இது பொருந்தும். 84 நல்ல ஸெல் தேறுவதற்குள் அதே அளவு கழிவும் சேர்ந்திருக்கும். அதைக் கிணற்றிலோ குட்டையிலோ எறிந்தால் கோபால்ட், நிக்கல் முதலியவை நீரில் கலக்கும். குப்பையோடு கொளுத்தினால் வெடிக்கும். ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய மண்பானையில் ஒன்றோடொன்று தொடாதபடி புதைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத வெளியிடத்தில் வைத்திருந்து, பதிவு பெற்ற சேகரிப்பாளர் வரும் நாளில் ஒப்படைக்கவேண்டும். உப்பிய ஸெல்கள் இருந்தால் அவற்றுக்கு வேறு பானை.